ஒரு கேமரா மட்டும் பார்த்த சிவப்பு

டக். பிறகு நெடிய மௌனம். மறுபடி டக். ஏலகிரி மலையில் நாங்கள் வானத்தைப் படமெடுத்த காலத்தை நினைத்தால், கேமராவுக்குள் சின்னக் கண்ணாடி எழுந்து விழும் அந்தச் சத்தம்தான் முதலில் காதுக்கு வருகிறது. அப்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

எங்கள் குழுவில் மூன்று பேரிடம் கேமரா இருந்தது: வேதியியல் ஆசிரியை மெகருன்னிசா, அவரிடம் படித்துக் கல்யாணப் படம் எடுக்கப் போன சகாயராஜ், மின்வாரிய எஞ்சினியர் இளம்பரிதி. ஆண்கள் இருவருடைய கேமராக்களும் கடையில் வாங்கியபடியே இருந்தன. டீச்சர் மட்டும் தன்னுடையதைப் பிரித்து, உள்ளிருந்த மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றைக் கழற்றியிருந்தார். அதன்பின் அதில் பகலில் எடுத்த முகமெல்லாம் செம்மண் பூசியதுபோல் வந்தது. சகாயம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஓரியன் நெபுலாவை, அந்த வாயு மேகத்தை, மூவரும் இரண்டு இரவுகள் எடுத்தார்கள். எல்லாப் படங்களையும் நட்சத்திரத்தின்மேல் நட்சத்திரம் பொருந்த அடுக்கி ஒரே படமாக்குவது திட்டம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: யாருடைய ஒளி படத்தில் சேரவில்லையோ, அவர் பெயர் அதன் கீழே வராது. அந்த மாதம் ஓய்வுபெறவிருந்த டீச்சருக்கு, தன் பெயரோடு அந்தப் படம் பள்ளி ஆய்வகச் சுவரில் தொங்க வேண்டுமென்று ஆசை.

ஞாயிறு மதியம் பரிதி வீட்டுக் கணினி முன் உட்கார்ந்தோம். டீச்சரின் படங்களில் மட்டும் நெபுலாவுக்கு அப்பால் மங்கலாக ஒரு சிவப்பு வளைவு. மற்றவற்றில் அந்த இடம் வெறும் கருப்பு. டீச்சர் முதல் இரவு கேமராவை நேராகவும், மறுநாள் பக்கவாட்டில் திருப்பியும் பொருத்தியிருந்தார். இரண்டிலும் வளைவு அதே நட்சத்திரங்களை ஒட்டியே இருந்தது.

"ரெண்டு கேமரா பார்க்காததை ஒண்ணு மட்டும் பார்த்தா, அது அழுக்குதான் டீச்சர்," என்றார் சகாயம். அதை அழித்துவிட்டுச் சேர்ப்போம், உங்கள் பெயரும் இருக்கும் என்று சமாதானம் சொன்னார். பரிதி அதற்கும் இசையவில்லை. நம்ப முடியாத கேமராவை அடியோடு ஒதுக்குவதே நேர்மை என்றார்.

"கல்யாணத்துக்கு வராத மாமாவையே ஆல்பத்துல ஒட்டுனவன் நீ. வந்து நிக்கிறதை அழிக்கச் சொல்றியே," என்றார் டீச்சர். நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. வளைவு இருந்தால் தன் பெயர் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அழிக்கச் சொன்னவர், ஒதுக்கச் சொன்னவர், அப்படியே வைக்கச் சொன்னவர். இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: டீச்சர் சொன்னதே சரி. நெபுலாவிலும் அதைச் சுற்றியும் உள்ள ஹைட்ரஜன் வாயு ஆழ்ந்த சிவப்பில் ஒளிர்கிறது. முகத்தின் நிறம் இயல்பாக வர வேண்டுமென்று கேமராவுக்குள் வைக்கும் தகடு, அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அவ்வளவு மங்கலான வளைவை மற்ற இரண்டு கேமராக்களாலும் பார்க்கவே முடியாது. அவற்றின் சாட்சி செல்லாது. வளைவு அழுக்காக இருந்திருந்தால், கேமராவைத் திருப்பியபோது நட்சத்திரங்களை விட்டு நகர்ந்திருக்கும். சிவப்பை டீச்சரிடமிருந்தும் நட்சத்திரங்களின் நிறத்தை மற்ற இருவரிடமிருந்தும் எடுத்துச் சேர்த்தோம். மூன்று பெயர்களோடு படம் ஆய்வகச் சுவரில் ஏறியது. டீச்சர் ஓய்வுபெற்றபின் மகனோடு மஸ்கட் போனார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.