உள்ளானின் பச்சை வளையம்

"இந்த லென்ஸ் சரியில்லம்மா," என்றார் தட்சிணாமூர்த்தி.

ஸ்டூடியோவுக்குள் வந்தவர் உட்காரக்கூட இல்லை. கேமராவை மேஜைமேல் வைத்த பிறகுதான் மூச்சே விட்டார்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே அவருக்கு நாலு இறால் குளங்கள். வயது ஐம்பத்து நாலு. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. வாய் திறக்காமல் உபதேசம் செய்த சாமியின் பெயரை வைத்துக்கொண்டு மனிதர் ஓயாமல் பேசுவார். உட்கார்ந்தால் கால் ஆடும். கால் நின்றால் விரல் ஆடும்.

அவர் தேடி வந்த குருவுக்கு வயது இருபத்தேழு. பெயர் ரமீஜா. பகலெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பவள். விடிகாலையில் மட்டும் உப்பளத்துப் பக்கம் போய்ப் பறவைகளை எடுப்பாள். அவளிடம் போய் குரு என்று சொன்னால், கடையில் கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வாருங்கள் என்பாள்.

"எத்தனை படம் சார் எடுத்தீங்க?"

"நானூத்திப் பன்னெண்டு."

"எத்தனை தேறிச்சு?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் பனிமூட்டத்துல எடுத்த மாதிரி இருக்கு. மலிவு லென்ஸ், அதான். வேற எதை வாங்கணும்னு மட்டும் சொல்லு, இன்னைக்கே சென்னைக்குப் போன் போட்டுர்றேன்."

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஆற்றுமணல் நிறத்தில் ஓர் உள்ளான் குருவி, ஒற்றைக் காலில். இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

"அது எதுல எடுத்தது?" என்று கேட்டார்.

ரமீஜா அலமாரியைத் திறந்து தன் லென்ஸை எடுத்து அவருடையதன் பக்கத்தில் வைத்தாள். அதே கம்பெனி, அதே அளவு, அதே மலிவு. அவளுடையதில் பெயிண்ட் உரிந்திருந்தது.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இப்பவே வா, போவோம். வண்டி வெளியிலதான் நிக்குது."

மணி பதினொன்றரை. பங்குனி வெயில்.

ரமீஜா வாசல் வெயிலைப் பார்த்தாள். சுத்தம் செய்ய யாரோ கொடுத்திருந்த பெரிய லென்ஸ் ஒன்றை, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையால் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். தார் ரோட்டின் கடைசியில் ஓர் உரக்கடை போர்டு தெரிந்தது.

லென்ஸை அவர் கேமராவில் மாட்டிக் கொடுத்தாள். "அந்த போர்டை எடுங்க சார்."

எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்தெல்லாம் உருகி வழிந்திருந்தது.

"என்னம்மா, இவ்ளோ பெரிய லென்ஸு, இதுவும் இப்படி எடுக்குது?"

"ரோட்டுச் சூட்டை லென்ஸ் என்ன சார் பண்ணும்? காலைல அஞ்சரைக்கு உப்பளத்து மதகுக்கு வந்துருங்க."

அவர் அஞ்சு மணிக்கே போய் நின்றார்.

* * *

உப்பளத்தை ஒட்டிச் சதுப்பு. நடுச் சேற்றில் நூறு நூற்றைம்பது உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

ரமீஜா ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் தட்சிணாமூர்த்தி முப்பது படம் எடுத்திருந்தார். ஒரு தடவை அமுக்குவார், உடனே பின்பக்கத் திரையைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி அமுக்குவார். பறவை தலை நிமிர்த்தியபோதெல்லாம் அவர் தலை குனிந்திருந்தது.

"கேமராவைக் குடுங்க."

லென்ஸின் முகப்பில் ஒரு கண்ணாடி மூடி திருகியிருந்தது. அதன்மேல் மஞ்சளாக ஒரு மங்கல் படிந்திருந்தது.

"இது என்ன சார்?"

"வாங்கின அன்னைக்கு சாமி முன்னால வச்சு, வீட்ல சந்தனப் பொட்டு வச்சாங்க. தொடைச்சுட்டேனே."

"கண்ணாடியிலயா வச்சாங்க?"

"புது வண்டிக்கு முன்னாடிதானம்மா வைப்போம்? இதுக்கு இதானே முன்னாடி?"

ரமீஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடி மூடியைக் கழற்றினாள்.

"ஐயோ, அது லென்ஸுக்குப் பாதுகாப்பு!"

"படத்துக்கு?"

அவர் வாயை மூடினார். அரை நிமிடம்தான்.

அடுத்து அவள் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, முந்நூறு மில்லிமீட்டர் வரை ஜூம் போகிற லென்ஸை இருநூற்றைம்பதிலேயே நிற்கும்படி சுற்றி ஒட்டினாள்.

"என்னம்மா பண்ற? முந்நூறுக்குத்தானே வாங்கினேன்! இலையில பாயசம் விட்டாச்சு, எந்திரிச்சுப் போன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"கடைசி அம்பதுல இந்த லென்ஸு சோர்ந்துரும் சார். என்னுதும்தான்."

"அப்ப பறவை சின்னதாத் தெரியுமே?"

"கிட்டப் போங்க."

சந்தோஷமாகக் கிளம்பினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் சளக் சளக்கென்று நடந்தார். பத்தாவது அடியில் நூற்றைம்பது பறவைகளும் எழும்பி அக்கரைக்குப் போயின.

முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார்.

"போகச் சொன்னியே?"

"போகத்தான் சார் சொன்னேன். விரட்டச் சொல்லல."

* * *

மறுநாள் அவள் ஒரு துணிப்பை கொண்டுவந்தாள். உள்ளே கல்லுப்பு. வரப்பின்மேல் அதை வைத்து ஒரு குத்து விட்டாள். நடுவில் பள்ளம் விழுந்தது. பள்ளத்தில் லென்ஸை வைத்தாள். அது அசையாமல் உட்கார்ந்தது.

லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி, ஷட்டர் வேகத்தை ஏற்றி வைத்தாள்.

"படுத்துக்குங்க சார்."

"எங்க?"

"இங்கதான். வரப்புல."

நாலு குளத்துக்காரர் வயிற்றை அமுக்கிக்கொண்டு வரப்பில் குப்புறப் படுத்தார்.

"எப்ப எடுக்கணும்?"

"அதுங்க வர்றப்ப."

"எப்ப வரும்?"

ரமீஜா பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு நிமிடத்தில் அவருக்கு எறும்பு கடித்தது. ஐந்தாவது நிமிடத்தில் மணி பார்த்தார். ஏழாவது நிமிடத்தில் செல் அடித்தது. தீனி போடுகிற ஆளிடம் அரைமணி நேர விஷயத்தை அரை நிமிடத்தில் கத்தி முடித்தார். பறவைகள் அக்கரையிலேயே நின்றன. மறுபடி மணி பார்த்தார். புரண்டார். எழுந்தே விட்டார்.

"எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்லம்மா! இன்னும் ஒரு வாரத்துல எல்லாம் வடக்க கெளம்பிரும்."

"போனா ஐப்பசிக்கு வரும் சார்."

"அது வருமான்னு யாருக்குத் தெரியும்?"

"எது?"

தட்சிணாமூர்த்தி சதுப்பைப் பார்த்தார். காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினார்.

"தை மாசம்," என்றார் கடைசியில். "மூணாம் குளத்துல குஞ்சு விட்ட மறுநாள். எறாலக் கொத்தாம இருக்க மேல வலை கட்டுவோம்ல? காலைல போறேன், இந்த மாதிரி ஒரு உள்ளான் மாட்டிக்கிட்டுத் தொங்குது. ரெக்கை நல்லா இருக்கு, கால்தான் சிக்கிருக்கு. கையில புடிச்சேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. எனக்கும் அவசரம். இழுத்தேன்."

நிறுத்தினார். பேசி ஓயாத மனிதர் அடுத்த வார்த்தைக்குக் கஷ்டப்பட்டதை ரமீஜா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"ஒரு சத்தம் கேட்டுச்சும்மா. தீக்குச்சி ஒடைக்கிற மாதிரி. விட்டேன், பறந்துருச்சு. ஒரு கால் மட்டும் தொங்கிக்கிட்டே போச்சு. இன்னொரு கால்ல பச்சையா ஒரு வளையம். ஆராய்ச்சிக்காரங்க மாட்டுவாங்களாமே, அது. எம் நாப்பத்தி ஒண்ணுன்னு எழுதியிருந்துச்சு. அதை மட்டும் நல்லாப் பாத்தேன்."

"அப்பதான் கேமரா வாங்கினீங்களா?"

"அடுத்த வாரமே. பச்சை வளையம் போட்டது இங்க நெறையா திரியுது. எது கால்லயும் எழுத்துத் தெரிய மாட்டேங்குது. அது உசுரோட இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதும்மா எனக்கு. சாப்பிட உக்காந்தா அந்தச் சத்தம்தான் கேக்குது."

ரமீஜா உப்புப் பையைத் தட்டிச் சரிசெய்தாள்.

"கத்தரிக்கோல் இல்லையா சார் குளத்துல?"

"இருந்துச்சு. மோட்டார் கொட்டாயில."

"எவ்ளோ தூரம்?"

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு நிமிஷம்," என்றார்.

பிறகு தானாகவே வரப்பில் மறுபடி படுத்தார். அன்று எதுவும் கிட்டே வரவில்லை.

* * *

மூன்றாம் நாள் செல்லை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தார்.

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. படுத்தார். கன்னத்தைக் கேமராவில் வைத்தார். எறும்பு கடித்திருக்க வேண்டும், முதுகு ஒருமுறை சிலிர்த்தது. கை நகரவில்லை.

அவர் மனசு அடங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே அது குட்டி போட்ட பூனையாக அலைந்துகொண்டுதான் இருந்தது. உடம்பை மட்டும் எப்படியோ கட்டிப்போட்டிருந்தார்.

சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஏறியது. கடல் காற்று தள்ளியதில் சதுப்பில் தண்ணீரும் கொஞ்சம் ஏறியது. மேய்கிற ஈரச் சேறு கரைப்பக்கம் ஒதுங்க, பறவைகளும் அதோடு ஒதுங்கி வந்தன. ஐம்பது அடி. நாற்பது அடி. அலகு சேற்றில் குத்துகிற சத்தம் கேட்டது.

முதல் வரிசையில் ஒன்றின் காலில் பச்சை.

"சார்," என்றாள் ரமீஜா, உதடு மட்டும் அசைய.

"பாத்துட்டேன்."

"கண்ணுல வையுங்க. கால்ல வேணாம். மூச்ச விட்டுட்டு அமுக்குங்க."

அவர் மூச்சை விட்டார். அது நீளமான மூச்சு, தை மாதத்திலிருந்து உள்ளேயே கிடந்தது போலிருந்தது.

அமுக்கினார். மூன்றே மூன்று படம்.

பறவை தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

ரமீஜா காத்திருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு தடவை திரையைப் பார்த்தவர் இந்தத் தடவை பார்க்கவில்லை.

"பாருங்க சார்."

"நீ பாரும்மா."

அவர் கேமராவிலிருந்து கன்னத்தை எடுத்தார். அவள் கேமராவை மெல்ல வாங்கித் திரையைப் பெரிதாக்கினாள்.

எல்லாம் இருந்தது. அலகு நுனியில் சேற்றுச் சொட்டு. கழுத்தில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக. கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம். கீழே பச்சை வளையம், அதில் எழுத்து, நேற்று அச்சடித்தது போல.

அவள் கேமராவை அவர் பக்கம் நீட்டினாள்.

ஆர் பதினேழு.

இரண்டு காலும் நேராக இருந்தன.

தட்சிணாமூர்த்தி கேமராவைக் கீழே இறக்கினார். வயதானவர் தேம்புவது பார்க்க நன்றாக இருக்காது. ரமீஜா தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது அது இல்லம்மா," என்றார்.

"இது எது சார்?"

எரிச்சலோடு நிமிர்ந்தார். என்ன கேள்வி இது என்று சொல்ல வாயெடுத்தார்.

சொல்லவில்லை. மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு படத்தை விட்டுவிட்டு எதிரே பார்த்தார். அது இன்னும் அங்கேயேதான் மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் வளையமே இல்லாத நூறு.

தண்ணீர் இன்னும் ஏறியது. நிற்கச் சேறில்லாமல் போனதும் கூட்டம் ஒரே வீச்சாக எழும்பியது. அவர்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே திரும்பிப் போயிற்று.

மேற்கேதான் இறால் குளங்கள்.

தட்சிணாமூர்த்தி எழுந்து நின்றார். வேட்டியைத் தட்டவில்லை. கேமராவை எடுக்கவில்லை.

"வலை இன்னும் குளத்து மேலதான் கெடக்குதும்மா," என்றார்.