பாஸ்டனுக்குப் போன காலைநடைச் சங்கம்

சாத்தூரில் அறிவாளிகளுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போய்விடுவேன். நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேரும் சேர்ந்து ஒரு காலைநடைச் சங்கம் வைத்திருக்கிறார்கள். உக்கிரபாண்டியன் தலைவர், சங்கரலிங்கம் செயலாளர், சீனிராஜ் பொருளாளர். மிச்சமிருந்த பிச்சாண்டிக்குப் பதவி கிடையாது. சங்கம் என்றால் உறுப்பினர் என்று ஒருவராவது வேண்டாமா? கை தூக்கித் தீர்மானம் போடாமல் இவர்கள் டீ கூடக் குடிப்பதில்லை.

இந்தச் சங்கம் அமெரிக்காவுக்குப் போனது. பொருளாளரின் மகன் பாஸ்டனில் வேலை பார்க்கிறான். நாலு பேரையும் நாலு நாள் வீட்டில் வைத்துப் பார்த்தான். ஐந்தாம் நாள் விடிந்ததும், பழைய ஊரை நாள் முழுக்கச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து ஏற்றிவிட்டான். அவனை நான் குறை சொல்லவே மாட்டேன்.

பஸ்ஸில் வழிகாட்டி, நம்ம பாளையங்கோட்டைப் பிள்ளை சவரிமுத்து. வேலைக்கு அன்றைக்குத்தான் முதல் நாள். முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். காலையில் முப்பத்திரண்டு தலை ஏறினால் சாயங்காலம் ஐந்து மணிக்கு முப்பத்திரண்டு தலை பஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலை இல்லை, ஒன்று கூடினாலும் இல்லை. அடுத்த மாதம் சவரிமுத்துவின் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் வந்து இறங்குகிறார்கள். ஏறிய தலைகளை மனுஷன் மூன்று தடவை எண்ணினார்.

இருபத்தெட்டு வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டு, நம்மவர்கள் பக்கம் வந்தார்.

“அண்ணாச்சி, ரெண்டே விஷயம். தரையில சிவப்புக் கல்லு பதிச்சு ஒரு கோடு போகும். அதை விட்டு விலகாம வாங்க. அப்படியும் யாராவது தொலைஞ்சு போனா, நின்ன இடத்துலயே நில்லுங்க, நகரக் கூடாது. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

செயலாளர் தீர்மானப் புத்தகத்தில் வரிக்கு வரி எழுதிக்கொண்டார். பாவி சவரிமுத்து அதோடு வாயை மூடியிருக்கலாம். நல்லா மனசில் வச்சுக்கோங்க என்று வேறு சொல்லித் தொலைத்தார்.

கோடு இரண்டு செங்கல் அகலம். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக, அடிமேல் அடி வைத்து அதன் மேலேயே நடந்தார்கள். மற்றவர்கள் பழைய மண்டபத்துக்குள் போனார்கள், கல்லறைத் தோட்டத்துக்குள் போனார்கள். கோடு உள்ளே போகாததால் இவர்கள் வாசலோடு நின்றார்கள். ஒரு தேசமே விடுதலைக்குக் கிளம்பிய ஊரில் இரண்டு மணி நேரம் இவர்கள் பார்த்தது செங்கல். நல்ல சுட்ட கல் என்று பொருளாளர் மெச்சிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ஒரு லாரி கோட்டின் மேல் வந்து நின்றது. சுற்றிப் போகலாமே என்று வாய்தவறிச் சொன்ன பிச்சாண்டியைத் தலைவர் முறைத்த முறைப்பில் அவர் தூக்கிய காலை மறுபடி கோட்டிலேயே வைத்தார். சரக்கெல்லாம் இறக்கி லாரி நகர ஒன்றரை மணி நேரம் ஆனது. கோடு இருந்தது. கோட்டின் மேல் ஒரு ஆளைக் காணோம்.

“தொலைஞ்சுட்டோமோ?” என்றார் பொருளாளர்.

“நாம எங்க நிக்கிறோம்னு நமக்குத் தெரியுதுல்ல?” என்று கேட்டார் செயலாளர்.

“தெரியுது. லாரி நின்ன இடத்துல.”

“அவங்க எங்க நிக்கிறாங்கன்னு தெரியுதா?”

“தெரியலை.”

“அப்ப தொலைஞ்சது யாரு?”

நாலு கையும் மேலே போயின. வழிகாட்டியும் இருபத்தெட்டுப் பேரும் தொலைந்துவிட்டதாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சைப் பிள்ளைக்குத் தகப்பன், எங்கே நின்று தவிக்கிறானோ என்றார்.

தொலைந்தவர்கள் நகர மாட்டார்கள் என்பதால் நகராமல் நிற்பவர்களைத் தேடிப் புறப்பட்டார்கள். ஒரு சதுக்கத்தில் ஜனங்கள் நடந்தார்கள், தின்றார்கள், சிரித்தார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் மரப்பெட்டி மேல் ஆடாமல் அசையாமல் நின்றார். மூன்று மூலைத் தொப்பி, முழங்கால் வரை கோட்டு, உடம்பெல்லாம் தங்கப் பெயின்ட். வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வதற்காகச் சிலையாக நிற்பது அவர் பிழைப்பு. அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

“நம்ம பஸ்ல வந்தவர் மாதிரி தெரியலையே” என்றார் பிச்சாண்டி, தயங்கித் தயங்கி.

“உடுப்பைப் பாரு. இருநூத்தம்பது வருஷத்துக்கு முந்தின பஸ்ஸுல வந்திருப்பாரு” என்றார் தலைவர். “சொன்ன சொல்லு தவறாம இன்னும் நிக்கிறாரு பாவம்.”

நாலு பேரும் கும்பிட்டார்கள். ஆனால் ஒரு சிக்கல். இவரை நாம் கூட்டிக்கொண்டு போய்விட்டால், இவரைத் தேடி வருகிறவர் ஏமாந்து போவாரே? யாராவது ஒருவர் அவருக்குப் பதிலாக நிற்க வேண்டும். பதவியில் இருப்பவர்கள் நின்றால் சங்கம் என்ன ஆகும்? உறுப்பினர் பெட்டி மேல் ஏறினார்.

மற்ற மூவருக்கும் திருவிழாவில் சப்பரம் தூக்கிப் பழகிய தோள். தங்க மனிதரை அப்படியே தூக்கினார்கள். வேலை நேரத்தில் சிலை அசைந்தால் தொழிலுக்குக் கேவலம் என்று அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சாத்தூரில் பிறந்திருக்க வேண்டிய மனுஷன்.

ஐந்து மணிக்குச் சவரிமுத்து பஸ் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஊரெல்லாம் ஓடித் தேடியும் பஸ்ஸில் இருபத்தெட்டுத் தலைதான். அப்போது சப்பரம் வந்து சேர்ந்தது. பாய்ந்து எழுந்து எண்ணினார். முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினார். முப்பத்திரண்டேதான்.

“அண்ணாச்சி, இது யாரு?”

“கணக்கு சரியா இருக்கா?” என்றார் தலைவர்.

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

அப்புறம் ஒன்றுமில்லை. முதலாளிக்குப் போன் போட்டார். நாளையிலிருந்து வேலை நிரந்தரம் என்று பதில் வந்தது. பொருளாளரின் மகனும் கதவைத் திறந்து எண்ணிப் பார்த்தான். நாலு இருந்தது, உள்ளே விட்டான்.

மறுநாள் புது முப்பத்திரண்டு பேரோடு சவரிமுத்து சதுக்கத்துக்கு வந்தார். பெட்டி மேல் பிச்சாண்டி, தலையில் ஒரு புறா.

“ஐயோ அண்ணாச்சி, நீங்களா? இறங்குங்க, போகலாம்” என்று கையைப் பிடித்தார்.

பிடித்த கை பாதியில் நின்றது. இவரை ஏற்றினால் முப்பத்துமூன்று. ஒன்று கூடினாலும் வேலை போச்சு. பெண்டாட்டி, பிள்ளை, வாடகைக்குப் பார்த்த வீடு எல்லாம் கண்முன்னே வந்து போயின. சவரிமுத்து தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். ஓஹையோவிலிருந்து வந்திருந்த, சாதுவான ஒரு பெரியவரை ஓரமாக அழைத்தார்.

“ஐயா, கொஞ்சம் இந்தப் பெட்டி மேல ஏறி நில்லுங்க. நகராதீங்க. நாளைக்குக் காலைல வந்து கூட்டிட்டுப் போறேன்.”

பிச்சாண்டி இறங்க, பெரியவர் கைத்தடியைச் சவரிமுத்துவிடம் கொடுத்துவிட்டு ஏறி நின்றார். எந்தக் கையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டார்.