பால் படாத பிஸ்கட்

விவேகபுரம் என்று ஓர் ஊர். பெயரைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் வைத்த பெயர் அது. ஊரைப் பார்ப்பதற்கு முன்பே வைத்துவிட்டார் என்கிறார்கள். பார்த்தபிறகு கப்பல் ஏறியவர் திரும்பி வரவில்லை.

அந்த ஊரில் கோயில் தெருவில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் அருமைநாயகம். எந்தக் காரியத்திலும் முடிவெடுக்கிறவர் அவர்தான். அடுத்தவர் ஞானதிரவியம். எடுத்த முடிவு ஏன் சரி என்று விளக்குகிறவர். கடைக்குட்டி பால்துரை. ஊருக்கெல்லாம் அவன் வெறும் பால். முடிவும் விளக்கமும் ஓய்ந்தபிறகு மிச்சம் கிடக்கிற வேலையைச் செய்கிறவன் அவன். மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. சுற்றுவட்டாரத்துப் பெண்பிள்ளைகளுக்காவது விவேகம் இருந்திருக்கிறது.

பாலுக்கு நேர் மூத்தவள் பியூலா, கோயம்புத்தூரில் வாக்கப்பட்டிருந்தாள். அவள் மகள் ஷெரின் என்றால் பாலுக்கு உயிர். போன தடவை வந்திருந்தபோது பிள்ளையைத் தோளில் ஏற்றி, கையில் ஒரு பால்கோவாவைக் கொடுத்து, தெருத் தெருவாகச் சுற்றிக் காட்டினான். வீடு திரும்புவதற்குள் பிள்ளைக்கு மேலெல்லாம் தடித்து, உதடு வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. அதிலிருந்து பியூலா கிறிஸ்மஸுக்குப் பிறந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்த வருஷம் அவளே போனில் துண்டு துண்டாகப் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தாள். அருமைநாயகம் போனை நடுவீட்டு ஸ்டூலில் வைத்து அமுக்கினார். மூவரும் ஜெபக் கூட்டத்தில் உட்காருகிற மாதிரி கை கட்டிக் கேட்டார்கள்.

“பெரியண்ணே, இந்தக் கிறிஸ்மஸுக்கு நானும் பிள்ளையும் வாரோம், இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல வந்துருவோம். அவிய லீவு கிடைச்சதும் பின்னால வருவாவ. ஆனா ஒண்ணு. ஷெரினுக்குப் பால் ஆகவே ஆகாது, தெரியும்லா. ஊர்ப் பிள்ளையெல்லாம் கேக்கு திங்கும்போது அவ மட்டும் வாயப் பாத்துக்கிட்டு நிப்பா. அதனால அவளுக்குன்னு கருப்பட்டியும் சுக்கும் போட்டு பிஸ்கட் சுட்டு வைங்க. எப்படின்னு அடுத்ததுல சொல்லுதேன். பால் மட்டும் சேக்கவே கூடாது. பால் வாடைகூட அடிக்கக் கூடாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் மாமியார் வீட்டுக்கே போயிக்கிடுதேன்.”

பேச்சு நின்றது. அண்ணன்மார் இருவரும் மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தார்கள்.

“அக்கா என்னைத் தம்பின்னுதான கூப்பிடுவா?” என்றான் பால்.

“அதான்லே. பேரச் சொல்லிச் சொல்லுதான்னா மனசுல எவ்வளவு இருக்கும் பாரு” என்றார் ஞானதிரவியம்.

“நான் என்னண்ணே செஞ்சேன்?”

“போன தடவை பிள்ளையத் தூக்கிட்டுப் போனது யாரு?”

“நான்தான்.”

“தடிச்சது யாருக்கு?”

“பாப்பாக்கு.” பால் கொஞ்சம் யோசித்தான். “கையில பால்கோவா வச்சிருந்தாளே, ஒருவேளை அதா இருக்குமோ?”

ஞானதிரவியம் பரிதாபமாகச் சிரித்தார். “நாட்டுல எத்தனை பிள்ளை பால்கோவா திங்குது. எல்லாமா தடிச்சுக் கெடக்கு? நீ தூக்கின பிள்ளைதான் தடிச்சுது.”

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். பால் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்தக் கையாலா என்று நினைத்து இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். இத்தனை நாளும் தன்னை ஒரு சாதுவான மனுஷன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்.

அருமைநாயகம் முடிவைச் சொன்னார். பிஸ்கட் சுட்டு முடிகிற வரை பால் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. பிள்ளை வந்து போகிற வரை பின்வாசல் முருங்கை மரத்தடியில் இருந்துகொள்ள வேண்டும். வாடை அடிக்கக் கூடாது என்பதால் கிணற்றடியில் சோப்பு தேய்த்துக் குளிக்க வைத்தார்கள். கொடியில் கிடந்த அவன் சட்டைகளையும் எடுத்துக் கழுவிக் காயப்போட்டார்கள். பால் ஈரத் தலையோடு போய் மரத்தடியில் உட்கார்ந்தான். அடுப்படி ஜன்னல் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. ஆபத்தானவனுக்கு அது போதும்.

அடுத்த பேச்சை அமுக்கினார்கள். “மாவு நல்லா சலிச்சிருக்கணும் பெரியண்ணே. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சலிச்சாத்தான் நல்லது.”

ஒரு மாவைச் சலிக்கவைப்பது எப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் திகைத்துப் போவார்கள். இவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வீட்டிலேயே ஞானதிரவியம் இருந்தார். மாவுச் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, தன் சைக்கிள் காணாமல் போன கதையை ஆரம்பித்தார். சைக்கிள் வாங்கிய கடை, கடைக்காரரின் சொந்த ஊர், அந்த ஊருக்கு எந்தெந்த பஸ் போகும் என்று ஒன்றையும் விடவில்லை. 

“சலிச்சிருக்குமா?” என்றார் அருமைநாயகம்.

“அசையவே மாட்டேங்குது. சலிச்சுப் போச்சுன்னுதான் அர்த்தம்.”

இரண்டாவது தடவைக்கு அதே கதையை முதலிலிருந்து சொன்னார். அருமைநாயகம் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். மாவில் குடியிருந்த வண்டுகள் சட்டி விளிம்பில் ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வெளியேறின. ஆக, அந்த மாவு நிஜமாகவே சுத்தமாயிற்று. விவேகபுரத்து வரலாற்றில் ஒரு வேலை சரியாக நடந்தது அன்றுதான், அதுவும் வண்டுகளால்.

“சுக்கு, பட்டை, கிராம்பு எல்லாத்தையும் தட்டிப் போடுங்க” என்றது போன். அருமைநாயகம் ஒவ்வொரு கிராம்பாக எடுத்து, முதுகில் வாஞ்சையோடு இரண்டு தட்டுத் தட்டி மாவில் போட்டார். சுக்கு கொஞ்சம் பெரிசாக இருந்ததால் அதைத் தோளில் தட்டினார்.

அப்புறம்தான் சிக்கல் வந்தது. “வெண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் விடுங்க. தேங்காய்ப் பால் சேக்கலாம், அது பிள்ளைய ஒண்ணும் செய்யாது. நல்லா அழுத்திப் பிழியணும். மொதப் பால் போதும், ரெண்டாம் பால் வேண்டாம்.”

அண்ணன்மார் அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள்.

“பால் சேக்கக் கூடாதுன்னா. தேங்காய்ப் பால் சேக்கலாம்னா” என்றார் அருமைநாயகம்.

ஞானதிரவியம் நெற்றியைத் தேய்த்தார். “தேங்காய் கையில இருந்தா இவன் விஷம் ஏறாது போல. சில மருந்துக்கு வெல்லம் சேத்துக் குடுக்காங்கல்லா, அந்த மாதிரி.”

ஜன்னல் வழியாக ஒரு தேங்காயை நீட்டினார்கள். அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பால் அடுப்படிக்குள் வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. விலக்கி வைத்த சொந்தங்கள் திரும்பச் சேர்த்துக்கொள்வது சின்ன விஷயமா. 

ஆனால் பிழிய வேண்டுமே. ஒரு பெரிய துண்டை அவன் இடுப்பில் சுற்றி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள்.

“என்னலே வருது?”

“மூச்சு வருதுண்ணே” என்றான் பால், தேங்காயை விடாமல்.

“சரி, அதச் சட்டிப் பக்கமா விடு.”

விட்டான். முழு மனசோடு விட்டான். மாவு பறந்து மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. மரியாதை தெரிந்த பிள்ளை, தும்ம வெளியே போனான். தும்மிவிட்டுத் திரும்ப நுழையும்போது அருமைநாயகம் வாசலில் கையைக் குறுக்கே நீட்டினார்.

“ரெண்டாம் பால் வேண்டாம்னு சொல்லிருக்கா.”

பால் தேங்காயை வாசற்படியில் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனான். அக்கா சொன்னால் அதில் ஏதாவது இருக்கும்.

அண்ணன்மார் கருப்பட்டியும் எண்ணெயும் கிணற்றுத் தண்ணீரும் விட்டு மாவைப் பிசைந்து, வட்டமாகத் தட்டித் தட்டில் அடுக்கினார்கள். அதில் ஒரு வட்டத்தில் சுக்கு முழுசாக எட்டிப் பார்த்தது.

“குக்கருக்குள்ள மணலைப் போட்டு, மேல தட்டை வச்சு மூடுங்க. விசில் போடக் கூடாது. அடுப்பை சிம்ல வைங்க. பொன்னிறமா வந்ததும் எடுத்துருங்க. ஏதாவது சந்தேகம்னா போன் போடுங்க.”

ஞானதிரவியத்துக்கு வேலை செய்யும்போது கீர்த்தனையை விசிலில் இழுக்கிற பழக்கம் உண்டு. மறந்து போட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவரே துண்டை எடுத்து வாயைக் கட்டிக்கொண்டார். கோயில் தெருவுக்கு அன்று மத்தியானம் ஒரு நிம்மதி கிடைத்தது.

வீட்டில் இருந்தது ஒரே போன், அதில் ஒரே சிம். ஊக்கால் குத்தி அதை வெளியே எடுத்து, மேடையில் வைத்து, அடுப்பைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். அடுப்புக்கு நாலு கால். சிம் ஒரு காலுக்குத்தான் காணும்.

“மூணு கால் வெறும் மேடையில நிக்கே” என்றார் அருமைநாயகம். ஞானதிரவியம் வாய்க்கட்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். விரலை இரண்டாகக் காட்டியதில் விஷயம் புரிந்தது. “ஆமா, ரெட்டை சிம் போனா வாங்கிருக்கணும்” என்று அருமைநாயகம் பெருமூச்சு விட்டார். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார், முழுசாக. குறைத்து வைக்கும்படி யாரும் சொல்லவில்லையே.

மரத்தடியிலிருந்த பாலுக்குத்தான் முதலில் வாடை வந்தது. ஜன்னலில் புகை எட்டிப் பார்த்தது, பிறகு எட்டிப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு முழுசாகவே வெளியே வந்தது.

“அண்ணே, கருகுது” என்று கூப்பிட்டான்.

“கருகட்டும்லே. வெள்ளையா இருந்துச்சு, பழுப்பா ஆச்சு, இப்ப கறுப்பு. இனிமதான் பொன்னிறம் வரணும்” என்றார் உள்ளே இருமிக்கொண்டிருந்த அருமைநாயகம்.

திருநெல்வேலியில் ரயிலை விட்டு இறங்கிய பியூலா போன் போட்டாள். போகவில்லை. மறுபடி போட்டாள். அண்ணன்மாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி, ஆட்டோவை விரட்டச் சொல்லி வந்து இறங்கினால், வீட்டிலிருந்து கறுப்புப் புகை. வாசலில் கண் சிவந்த பெரியண்ணன். பக்கத்தில் வாய் கட்டிய சின்னண்ணன்.

“தம்பியெங்க?” என்றாள்.

“பயப்படாதம்மா. சுத்தமா விலக்கி வச்சாச்சு. நீ சொன்னபடி பிழியக்கூடச் செஞ்சோம்.”

பியூலா பையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் பாய்ந்தாள். அதற்குள் ஷெரின் “பால் மாமா” என்று பின்வாசலுக்கு ஓடிவிட்டாள்.

பிள்ளை தன்னை நோக்கி ஓடி வருவதைப் பால் பார்த்தான். அவன் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காட்சி கிடையாது, அதைவிடப் பயமான காட்சியும் கிடையாது. ஓட இடமில்லாமல் முருங்கை மரத்தில் ஏறினான். முருங்கைக்கு ஆளைத் தாங்கிப் பழக்கமில்லை. கிளையோடு வந்து பிள்ளையின் காலடியில் விழுந்தான். விழுந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான், அந்த மூச்சு பட்டாலும் ஆபத்து என்று. ஷெரின் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணன்மார் குனிந்து பிள்ளையின் கை, கால், முகமெல்லாம் சோதித்தார்கள். ஒரு தடிப்பும் இல்லை. 

“ஒண்ணும் செய்யலையே” என்றார் ஞானதிரவியம், வாய்க்கட்டை இறக்கி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தைக் கேட்டு வாங்கிய பியூலா, தலையில் அடித்துக்கொள்வதா தம்பியைக் கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். “பிள்ளைக்கு ஆகாதது நீ இல்லடா. நான் சொன்னது மாட்டுப் பாலை.”

மூன்று பேர் முகமும் ஒரே சமயத்தில் தெளிந்தது.

“மாட்டுப் பாலா? அத மொதல்லயே சொல்லப்பிடாதா தங்கச்சி” என்றார் அருமைநாயகம்.

பியூலா குக்கரை மணலோடு வெளியே கொட்டிவிட்டு, வாசற்படியில் கிடந்த தேங்காயை உடைத்துத் துருவி, தானே புதிதாக மாவு பிசைய உட்கார்ந்தாள். அண்ணன் தம்பி மூவரும் சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மேலத் தெருவுக்கு நடந்தார்கள்.

மேலத் தெருவில் பால்பாண்டி என்று ஒரு பெரியவர். ஊரில் பால்கள் இரண்டு இருப்பதால், மாடு வைத்திருக்கிற இவரை மாட்டுப் பால் என்றுதான் சொல்வார்கள்.

“அண்ணாச்சி, எங்க தங்கச்சி பிள்ளைக்கு ஒங்களால ஆகாதாம்” என்றார் அருமைநாயகம்.

“நான் அந்தப் பிள்ளைய ஒரு தடவகூடப் பாத்ததில்லையே.”

“பாக்காமலே ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு. பாத்தா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க” என்றார் ஞானதிரவியம்.

பெரியவர் யோசித்தார். அவரும் விவேகபுரத்துக்காரர்தான். நியாயம் அவருக்கும் புரிந்தது. “பச்சப் பிள்ளை விஷயம். நான் ஏரலுக்கு, மக வீட்டுக்குப் போயி கிறிஸ்மஸக் கழிச்சுக்கிடுதேன். மாட்டையும் கூட்டிட்டுப் போகணுமா?”

“மாடு என்ன பாவம் செஞ்சுது? அது இருக்கட்டும்.”

“அப்ப யாரு கறப்பா?”

பால் ஓரடி முன்னால் வந்தான். முருங்கைக் கிளை கீறிய முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். “நான் கறக்குதேன் அண்ணாச்சி. நான் ஆபத்து இல்லாதவன்னு இப்பத்தான் ஊர்ஜிதம் ஆச்சு.”

சாயங்காலம் பெரியவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்கள். வீட்டில் பிஸ்கட் மணமாக வெந்து, பியூலா தட்டில் ஆற வைத்திருந்தாள். ஷெரின் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால் நுரை ததும்பும் ஒரு செம்பைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“அக்கா, பாப்பா முக்கித் திங்கட்டும். பயப்படாமக் குடு. மாட்டுப் பால் இப்ப ஊர்லயே கிடையாது. இது பூரா நான் கறந்தது.”