பாலம் வேண்டாம் என்ற திட்டு

இந்தக் கதையைச் சரியாகச் சொல்வேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பதற்றத்தில் கீரி சொன்னதைப் பூனை சொன்னதாகவும், பூனை சொன்னதைக் கீரி சொன்னதாகவும் மாற்றிச் சொல்லிவிடுவேன். ஆனால் இரண்டு பேரும் சொன்னது ஒன்றேதான். அதனால் கதை கெட்டுப்போகாது.

நான் ஒரு கானாங்கோழி. காட்டு ஏரியின் நடுவில் இருக்கும் திட்டில், கோரைப் புல்லுக்குள் கூடு கட்டியிருக்கிறேன். அந்தத் தேர்தல் வந்தபோது கூட்டில் முட்டைகள் இருந்தன. குஞ்சு பொரிக்கச் சில நாட்களே பாக்கி.

ஏரிக்குக் கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று இரண்டு கரைகள். கிழக்குக் கரை எப்போதும் கீரிக்குத்தான் ஓட்டுப் போடும். மேற்குக் கரை எப்போதும் காட்டுப்பூனைக்குத்தான். கீரி கிழக்கே தலைகீழாக நின்றாலும் ஜெயிக்கும், மேற்கே தவம் கிடந்தாலும் தோற்கும். இரண்டு கரையும் சமபலம். ஆகவே எங்கள் திட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் ஆட்சி.

இதனால் தேர்தல் வந்தால் எங்களுக்கு ஏக மரியாதை. கிழக்கிலிருந்து கீரி கும்பிடும். மேற்கிலிருந்து பூனை கும்பிடும். இரண்டு பேரும் கரையில் நின்றேதான் கும்பிடுவார்கள். ஏரியில் ஒரு முதலை உண்டு. அதற்குக் கட்சி கிடையாது. யார் இறங்கினாலும் தின்னும்.

தேர்தல் முடிந்தால் எங்களை யாரும் சீந்துவதில்லை. எங்கள் திட்டின் பெரிய குறை இதுதான். தம்பட்டன் என்ற தவளை இந்த முறை அதை ஒரு கோரிக்கையாகவே ஆக்கிவிட்டான். அவன் தொண்டை இரண்டு கரைக்கும் கேட்கும்.

"ஜெயிச்ச பிறகு ஒருத்தரும் எங்களை எட்டிப் பாக்கிறதில்லை. இந்தத் தடவை, ஜெயிச்ச பிறகும் எங்க வீட்டு வாசலுக்கு வரேன்னு சத்தியம் பண்றவருக்குத்தான் எங்க ஓட்டு!"

கீரியின் கண் மின்னியது. வீடு வீடாக வருவேன், ஒரு வீட்டையும் விடமாட்டேன் என்று மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தது. வருவதற்கு வசதியாகக் கிழக்கிலிருந்து பாலம் போட்டுத் தருவதாகவும் சொன்னது. மறுநாள் பூனை மேற்கிலிருந்து பாலம் போடுவதாகச் சொன்னது. சொன்னதோடு நிற்காமல், விழுந்து கிடந்த பனைமரம் ஒன்றை உருட்டி வந்து தண்ணீர் ஓரத்தில் வைத்தது. உடனே கீரியும் தன் கரையில் ஒரு பனைமரத்தைக் கொண்டுவந்து வைத்தது. ஒரு மரத்தின் நீளம்தான் எங்கள் திட்டுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர். மரத்தின் தலையைத் திட்டில் சாய்த்தால் பாலம் தயார்.

திட்டே குதித்தது. பறக்கிறவர்களும் நீந்துகிறவர்களும் குடியிருக்கும் இடத்துக்குப் பாலம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்துக் கூட்டு முக்குளிப்பானிடம் சொன்னேன். அவளும் முட்டை மேல் உட்கார்ந்திருப்பவள்தான். அவள் என்னையே கடிந்துகொண்டாள்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். இடி இடிச்சாப் பயம், இலை விழுந்தாப் பயம். நமக்காகப் பாலம் போடறாங்க, அதுக்குமா?"

நான் பயந்தவள்தான். அதற்காக என் முட்டைகளை விட்டுக்கொடுக்க முடியுமா? அடுத்த கூட்டத்தில் கோரையை விட்டு வெளியே வந்து நின்றேன். மேற்குக் கரையில் பூனை பேசிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். பாலம் போட்டதும் முதல்ல யார் வீட்டுக்கு வருவீங்க?"

பூனை மீசையைத் தடவிக்கொண்டது. "உங்க வீட்டுக்குத்தான் அக்கா. நாணல் தாண்டி, வளைஞ்ச கோரைக்குப் பின்னாலதானே?"

பூனை ஒரு நாளும் திட்டில் கால் வைத்ததில்லை. என் கூடு இருக்கும் இடம் எங்கள் திட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

முக்குளிப்பான் முட்டைகளின் மேல் இறக்கையை விரித்து மூடிக்கொண்டாள். தம்பட்டன் கிழக்குப் பக்கம் திரும்பி, தன் வீட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று அந்தக் கரையில் நின்ற கீரியிடம் கேட்டான்.

"உன் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடறேன் தம்பி" என்றது கீரி, மிகவும் அன்பாக.

அன்று சாயங்காலம் திட்டில் யாரும் பாலத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசியதெல்லாம் பயத்தைப் பற்றித்தான். இரண்டு பேரில் ஒருவர் ஜெயித்தே தீருவார், மரமும் தயாராக இருக்கிறது, இனி என்ன செய்வது என்று அழுதார்கள். எல்லோரும் பயந்துவிட்டதும் எனக்குப் பயம் தெளிந்துவிட்டது. நான் சொன்னேன்:

"சாயாம நிக்கிற வரைக்கும்தான் நம்ம பேச்சைக் கேப்பாங்க. கேக்கிறதை ஓட்டுக்கு முன்னாடியே கேட்டுடணும்."

வாக்குப்பதிவு அன்று விடியற்காலையில் கூழைக்கடா வந்து இறங்கியது. எங்கள் ஏரிக்கு அதன் அலகுப் பைதான் வாக்குப்பெட்டி. கீரிக்குக் கிளிஞ்சல், பூனைக்குப் புளியங்கொட்டை. விழுங்கக் கூடாது என்று முன்னமே சத்தியம் வாங்கிவிடுவோம். பை திறந்தே இருந்தது. ஒருவரும் போடப் போகவில்லை.

தம்பட்டன் தொண்டையை உப்பிக்கொண்டு கத்தினான். "எங்களுக்குப் பாலம் வேண்டாம்! கரையில இருக்கிற மரத்தை யார் தண்ணியில தள்ளி விடறாங்களோ, அவங்களுக்குத்தான் ஓட்டு!"

கீரிக்கு வந்ததே கோபம். "அறிவு கெட்டவங்களா! வளர்ச்சி வேண்டாமா உங்களுக்கு? இந்தப் பேடிக் கோழி பேச்சைக் கேட்டா ஆடறீங்க?"

"பேடிக் கோழிதான்" என்றேன். "ஆனா என் ஓட்டு இன்னும் என் அலகுலதான் இருக்கு."

கீரி அசையவில்லை. பூனையும் அசையவில்லை. வெயில் ஏறியது. நடுவில் எங்கள் கோரை மறைப்பதால், ஒரு கரையிலிருந்து பார்த்தால் மறு கரை தெரியாது. அந்த நேரம் பூனை எரிச்சலில் நகத்தைப் பனைமரத்தில் தீட்ட ஆரம்பித்தது. தம்பட்டன் கிழக்கே திரும்பி, "பூனையார் மரத்துல கை வெச்சுட்டார்!" என்றான். அது பொய்யில்லை.

கீரி பதறிப்போய்த் தன் மரத்தைத் தள்ளிவிட்டது. தொப்பென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும், ஓட்டுப் போய்விடுமே என்று பூனையும் பதறியது. அதுவும் தள்ளிவிட்டது. இரண்டு மரங்களும் நீரோட்டத்தில் மதகுப் பக்கம் போய் ஒதுங்கின. ஒன்றின் மேல் முதலை ஏறிப் படுத்து வெயில் காய்ந்தது. இனி யார் போய் எடுப்பார்கள்?

இரண்டு பேருமே தள்ளிவிட்டதால், அவரவர் மனசுப்படி ஓட்டுப் போட்டோம். கொஞ்ச ஓட்டில் கீரி ஜெயித்தது. பூனை ஜெயித்திருந்தாலும் நான் இதே கதையைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜெயித்த மறுநாள் கீரி மாலையோடு கிழக்குக் கரையில் வந்து நின்றது.

"அக்கா, சத்தியம் பண்ணியிருக்கேனே. வாசலுக்கு வர ஒரு வழி சொல்லுங்க."

"அங்கே இருந்தே பேசுங்க" என்றேன். "நல்லாக் காது கேக்குது."

என் முட்டைகள் பொரிந்தன. முக்குளிப்பான் குஞ்சுகளும் இப்போது அம்மா முதுகில் சவாரி போகின்றன. ஆனாலும் நான் நானாகத்தானே இருப்பேன்! கடைசியாக ஒரு காரியம் செய்தேன். பூனைக்குத் தெரிந்த அந்த வளைந்த கோரையை விட்டுவிட்டு வேறு இடத்தில் கூடு கட்டினேன். எங்கே என்று உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன்.

ஓட்டு யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். வீட்டுத் தாழ்ப்பாள் மட்டும் நம் பக்கம் இருக்க வேண்டும்.