வெற்றிலைப் பெட்டி ஏறிய படிகள்

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து நாடொன்றில் கனகவர்மர் என்ற அரசர் இருந்தார். கூடவே அவர் தொந்தியும் இருந்தது. அந்நாட்டில் ஒரு வழக்கம். அரண்மனையில் பிள்ளை பிறந்தால், தாத்தாதான் அதைத் தூக்கிக்கொண்டு மலைக்கோயிலின் நூற்றிருபது படிகளையும் ஏறிப் பெயர் சூட்ட வேண்டும். மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். அரசருக்கோ பத்தாம் படியிலேயே மூச்சு வாங்கியது. தாயில்லாமல் தாம் வளர்த்த பெண்ணின் பிள்ளையை வேறு யாரோ தூக்கிப் போவதா என்று அவர் இரவெல்லாம் புரண்டு படுத்தார்.

"ஒரே வாரத்தில் தங்களை இரும்பாக்குகிறேன், பிரபு!" என்றார் தளபதி வீரகேது. முதல் நாளே இருநூறு தண்டால், நூறு சுற்று கர்லாக்கட்டை. மூன்றாம் நாள் அரசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

"இனி என் காதுபடத் தேகப்பயிற்சி என்று சொல்பவன் நாட்டைவிட்டே போகலாம்!" என்று ஆணை பிறந்தது.

தளபதிக்கு விகடகவி மாசிலாமணியைக் கண்டாலே ஆகாது. "பிரபு, தங்களை மலையேற்றும் பொறுப்பை இவரிடம் விடுங்கள். முடியாவிட்டால் பதவியை விட்டுப் போகட்டும்" என்று கோத்துவிட்டார்.

"ஆகட்டும். தங்கள் தங்க வெற்றிலைப் பெட்டிக்கு என்னைக் காவல் வையுங்கள். அதை வேறு யாரும் தொடக் கூடாது" என்றார் மாசிலாமணி. அரசர் சம்மதித்தார்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அரசர் கேட்டார், "பெட்டி எங்கே?"

"மலையின் முதல் படியில், பிரபு."

"எடுத்து வாரும்!"

"காவல் காக்கத்தானே சொன்னீர்கள்? தூக்கி வரச் சொல்லவில்லையே!"

முணுமுணுத்துக்கொண்டே அரசர் நடந்தார். மறுநாள் பெட்டி இரண்டாம் படியில் இருந்தது. அப்புறம் மூன்றில். நாளுக்கு ஒரு படிதான். எட்டிய படியில் இருவரும் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். மகள் நடை பழகிய கதையை அரசர் சொல்லுவார். மழை பெய்தால் மாசிலாமணி குடை பிடிப்பார். எப்போது முணுமுணுப்பு நின்றது என்று அரசருக்கே தெரியாது.

பேத்தி பிறந்தாள். பெயர் சூட்டும் நாளில் அரசர் அவளை ஏந்திக்கொண்டு கடைசிப் படிவரை ஏறினார். குழந்தையின் தூக்கம்கூடக் கலையவில்லை. பின்னால் வந்த மகள் அழுதுவிட்டாள்.

தளபதிக்குப் பொறுக்கவில்லை. "பிரபு, இவர் தினமும் தங்களுக்குத் தேகப்பயிற்சி கொடுத்திருக்கிறார்! இது ஆணை மீறல்!"

"அந்தச் சொல்லை நான் ஒருநாளும் சொன்னதில்லை, பிரபு. இப்போது சொன்னவர் யாரென்று தங்கள் காதே அறியும்" என்றார் மாசிலாமணி பணிவாக.

அரசர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. "தளபதியாரே, நாட்டைவிட்டுப் போக வேண்டாம். தினமும் எங்களோடு மெதுவாக ஏறும், போதும்" என்றார். பிறகு மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் தங்கப் பெட்டி இனி உம்முடையது. ஆனால் நாளைக்கும் அது இங்கேயே இருக்கட்டும். இவள் தன் காலால் படியேறும்போது நானும் கூட வர வேண்டும்."