மஞ்சள் குப்பிகள்

"இன்னும் எவ்வளவுதான் சுத்தம் பண்றது, மேடம்?" என்று கேட்டார் தணிகாசலம்.

குரலில் பணிவு இருந்தது. உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தார்.

எரியாதா பின்னே? மேடம் எனப்பட்ட ரெஜினா ஒரு காலத்தில் அவரிடம் வேதியியல் படித்த பெண். இப்போது இந்த ஆய்வுக்கூடத்துக்கே தலைவி. அவரோ கல்லூரியில் விடுப்பு போட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு அவளிடமே ஆராய்ச்சி மாணவராக வந்து நிற்கிறார். வெள்ளிக்கிழமையோடு விடுப்பு முடிகிறது. அதற்குள் ஒன்றும் அமையாவிட்டால் பட்டமாவது, ஒன்றாவது. வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

செல்போன் திரைக்குள் இருக்கிறதே திரவப் படிகம், அந்த இனத்தில் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரைத் தடுக்காமல் விட வேண்டும். இதுதான் அவர் வேலை.

கதிரை விழுங்குவது மூலக்கூறில் இருக்கும் ஹைட்ரஜன்தான், அதைக் குறைத்துப் பாருங்கள் என்று ரெஜினா முன்பே சொல்லியிருந்தாள். அதற்குப் பதில் குளோரின் வைத்துக் கட்டிப் பார்த்தார். மஞ்சளாக வந்தது. கோமியம் மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளித்து, சோதிக்காமலே குப்பிகளை அலமாரியின் கீழ்த்தட்டில் தள்ளிவிட்டார். பழைய பொருளையே வடித்து வடித்துச் சுத்தம் செய்தார்.

இப்போது அப்படிச் சுத்தம் செய்த குப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க. தண்ணி மாதிரி இருக்கு. ஒரு தூசு தும்பு கிடையாது. இதுவும் கதிரை விடமாட்டேங்குது!"

"பாத்தேன் சார்."

"பாத்தீங்க, சரி. பதில்?"

ரெஜினா கறுப்புக் குப்பைப் பை ஒன்றைக் கிழித்தெடுத்தாள். வெப்பக் கேமரா முன்னால் போய் நின்று, அதை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

தணிகாசலத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கேள்வி கேட்டால் குப்பைப் பையைக் காட்டுகிறவளை என்னவென்று சொல்வது!

"திரையப் பாருங்க சார்."

பைக்குப் பின்னால் அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. சிரிப்புகூடத் தெரிந்தது.

"இது எனக்குத் தெரியாதா மேடம்? நானே பாடம் நடத்தியிருக்கேன்."

"நீங்க வந்து நில்லுங்க."

நின்றார். திரையில் அவர் நெற்றி வெள்ளை வெளேரென்று இருந்தது. மூக்குக்கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள்.

"கண்ணாடியத் துடைச்சுட்டு வாங்க சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு சட்டை முனையால் துடைத்தார். மறுபடி நின்றார். கறுப்புதான்.

"இன்னும் நல்லாத் துடைங்க."

"எவ்வளவு துடைச்சாலும் இது கறுப்பாத்தான் தெரியும் மேடம்! கண்ணாடிங்கற பொருளே அந்தக் கதிரை…"

பாதியில் நின்றுவிட்டார்.

ரெஜினா பையை மடித்தாள்.

"காலேஜ்ல என் குப்பி மஞ்சளா இருக்குன்னு சிங்க்ல கொட்டினீங்க. இங்கயும் மஞ்சளையெல்லாம் கொட்டிட்டீங்களா சார்?"

தணிகாசலம் அதற்குள் தரையில் உட்கார்ந்து கீழ்த்தட்டுக்குள் கையை விட்டிருந்தார்.

"இல்லம்மா. கேமராவ அணைச்சிடாத."