தரகரில்லா ஏரி

உட்காருங்கள், கண்ணுகளா. பெரியவர்களும் உட்காரலாம், இந்தக் கதையில் ஏமாந்தவர் ஒரு பெரியவர்தான்.

மலைகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலத்தில் மருதூர் என்றொரு சின்ன நாடு இருந்தது. நாட்டுக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு மகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஏரி. ராஜாவின் பெயர் மருதங்கோ. மகள் ஆம்பலி. ஏரிக்குப் பெயர் தேவைப்படவில்லை. வேறு ஏரி கிடையாது.

மருதங்கோவுக்குத் தரகர்களைக் கண்டால் ஆகாது. செக்கிலிருந்து சமையற்கட்டுக்கு வருவதற்குள் எண்ணெய் பல கை மாறுகிறது என்று கேள்விப்பட்டு, அத்தனை கைகளையும் வேறு வேலைக்கு அனுப்பினார். எண்ணெய் பெருகியது. நெய்யிலும் அப்படியே செய்தார், நெய் பெருகியது. உப்பிலும் செய்தார், உப்பும் பெருகியது. மூன்று முறை சரியாகப் போனால் நான்காவது முறை யோசிக்க யாருக்குத் தோன்றும்? ராஜாவுக்கும் தோன்றவில்லை.

ஆம்பலியைக் குன்றூர் இளவரசனுக்குப் பேசி முடித்தார்கள். அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் தங்கள் சொந்த ஏரி விராலைச் சமைத்து, மாப்பிள்ளை வீட்டார் இலைகளில் பரிமாற வேண்டும். பரிமாறாவிட்டால் கல்யாணம் நிற்காது. ஆனால் பரிமாறுகிற நாள்வரை பெண்ணைப் பெற்றவர் மகள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அந்த வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஆம்பலி தாயில்லாப் பிள்ளை. ராஜாதான் சோறு ஊட்டி வளர்த்தார். மகள் பக்கத்தில் உட்காராமல் அவர் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை.

குன்றூரார் கல்யாணத்துக்கு ஊரோடு வருகிறவர்கள். ஏரி விராலோ அத்தனை இலைக்குக் காணாது. ராஜா கரைக்குப் போய், வலைக்காரர் தலைவி மாராயியிடம் விரால் ஏன் இவ்வளவு குறைச்சல் என்று கேட்டார்.

“பாசி வெயிலக் குடிச்சு வளருது மகாராசா. பாசியப் பூச்சி திங்குது. பூச்சியக் கெண்டை திங்குது. கெண்டைய விரால் திங்குது” என்றாள் அவள்.

ஒரு விராலுக்கு எவ்வளவு கெண்டை வேண்டும் என்று கேட்டார். கூடை கூடையாக என்றாள். அவ்வளவு கெண்டைக்கு? படகு படகாகப் பூச்சி. அவ்வளவு பூச்சிக்கு? ஏரி கொள்ளாத பாசி. தின்றதில் பெரும்பங்கு நீந்துவதிலும் துள்ளுவதிலும் தீர்ந்துபோகிறது, உடம்பில் ஒட்டிய கொஞ்சம்தான் அடுத்த வாய்க்குப் போய்ச் சேருகிறது என்றும் சொன்னாள்.

அவள் சொன்னது ஏரியைப் பற்றி. ராஜாவின் காதில் விழுந்தது தரகர்களைப் பற்றி.

“ஏரி முழுக்க வெயில் விழுது. எனக்குக் கிடைக்கிறது நாலு விரால். நடுவுல பூச்சியும் கெண்டையும் தின்னு தீர்க்குது. அதுகள எடுத்துட்டா?”

“அப்புறம் விரால் எதைத் திங்கும் மகாராசா?”

“பாசிய நேரா திங்கும். போகப் போகப் பழகிக்கும்.”

முதலில் கெண்டையை வடித்தார்கள். ஊரெல்லாம் கெண்டைக் குழம்பு கொதித்தது; மக்கள் ராஜாவை வாழ்த்தினார்கள். அடுத்து, மெல்லிய துணியைக் கட்டி இழுத்துப் பூச்சியை வடித்தார்கள். தின்ன ஆள் இல்லாததால் பாசி கரைவரை செழித்தது. பார்த்தீர்களா, இத்தனை நாளும் பூச்சி தின்ற சொத்து இதுதான் என்று ராஜா அமைச்சர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அமைச்சர்கள் பார்த்தார்கள். மூன்றாவதாக, அந்தப் பாசியை வழித்தெடுத்து, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து விராலுக்குப் போட்டார்கள்.

விரால் உருண்டையைச் சுற்றி வந்தது. முகர்ந்து பார்த்தது. பிறகு பக்கத்தில் இருந்த விராலைத் தின்றது.

கல்யாணம் நெருங்கியபோது ஏரித் தண்ணீர் அடி மண் தெரியும்படி தெளிந்திருந்தது. பாசி இல்லை, பூச்சி இல்லை, கெண்டை இல்லை. ஒரே ஒரு விரால் இருந்தது. மிகவும் கொழுத்திருந்தது.

குன்றூரார் வண்டி கட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ராஜா ஆலோசனை கேட்டார். முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கலாம் என்றார் புரோகிதர். இருக்கிற ஒன்றைக் கரைத்து வாசனை காட்டலாம் என்றார் சமையற்காரர். அயலூர் ஏரியில் விரால் பிடித்து வந்து நம்முடையது என்று போடலாம், மீன் வாய் திறந்து சொல்லவா போகிறது என்றார் அமைச்சர்.

மூன்றாவது யோசனை ராஜாவுக்கு இனித்தது. ஒரு பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஆம்பலி வாழப்போகிற வீட்டுக்குப் பொய்யைச் சீராக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. சம்பந்தி வேட்டங்கோவை எதிர்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார்.

வேட்டங்கோ நல்ல மனிதர். மிகவும் வருத்தப்பட்டார். ஆனால் வழக்கம் வழக்கம்தான் என்றார். எல்லாரும் சோறும் பருப்பும் சாப்பிட்டார்கள். தாலி கட்டியாயிற்று. வண்டி ஏறும்போது ஆம்பலி அப்பாவின் கையை விடவில்லை.

“வேளைக்குச் சாப்பிடுங்கப்பா. நான் இல்லன்னு பட்டினி கிடக்காதீங்க” என்றாள்.

கிடந்தார். வேறென்ன செய்வார்?

பிறகு ஏரியைச் சரிசெய்யக் கிளம்பினார். வேண்டியது விரால்தானே என்று அயலூரிலிருந்து குடம் குடமாக விரால் குஞ்சு கொண்டுவந்து விட்டார். கொழுத்த விரால் அவற்றைத் தின்றது. சரி, கெண்டை விடலாம் என்று கெண்டை விட்டார். பூச்சி இல்லாத தண்ணீரில் கெண்டை இளைத்தது. இளைத்ததையும் கொழுத்தது தின்றது. சில நாளில் தின்ன எதுவும் இல்லாமல் கொழுத்ததும் மிதந்தது. அதை அடக்கம் செய்தார்களா, குழம்பு வைத்தார்களா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

மூன்றாவது முறை ராஜா எதையும் கொண்டுவரவில்லை. கரையில் உட்கார்ந்து பாசி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாசி பிடித்தது. பூச்சி சொல்லாமலே வந்தது. பூச்சி மொய்த்த பிறகு கெண்டை விட்டார். கெண்டை பெருகிய பிறகுதான் விரால் குஞ்சு விட்டார். தினமும் என்ன பார்க்கிறீர்கள் என்று அமைச்சர் கேட்டதற்கு, தரகர்கள் சௌக்கியமா என்று பார்ப்பதாகச் சொன்னார்.

அதற்குள் ஆம்பலிக்கு மகன் பிறந்தான். ராஜா போனார். வாசலுக்கு வெளியே நின்றார். ஆம்பலி பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். உள்ளே சோறு வேகிற மணம் வந்தது. ஒரு வாய் தண்ணீராவது குடியுங்கள் என்று அவள் கெஞ்சினாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார். திரும்புகிற வழியெல்லாம் அழுதார். ராஜா அழக் கூடாது என்று சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

இடையில் யாரும் வலை போடாததால், அடுத்த கோடையில் ஏரியில் முன்னெப்போதும் இல்லாதபடி விரால் புரண்டது. எண்ணிப் பார்த்தால், குன்றூர் இலைகளுக்குச் சரியாக இருந்தது. அத்தனையும் பிடித்தால் இன்றைக்கே மகள் வீட்டுக்குள் போகலாம். வலையை எடுங்கள் என்றார் அமைச்சர். ராஜா வலையைக் கையில் வாங்கினார். தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். மூன்றே மூன்று விரால் பிடித்துக்கொண்டு, தனியாகக் குன்றூருக்குப் போனார்.

வேட்டங்கோ கூடைக்குள் எட்டிப் பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்டார்.

“இன்னும் இருந்துச்சு. எல்லாத்தையும் பிடிச்சிருந்தா எனக்கு உள்ள வர வழி கிடைச்சிருக்கும். ஏரி மறுபடி செத்திருக்கும். நான் வெளியவே நிக்கிறேன் சம்பந்தி” என்றார் மருதங்கோ.

வேட்டங்கோ கூடையைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“மூணையும் குழம்பு வைங்க. ஊரைக் கூப்பிடுங்க. எல்லா இலையிலயும் குழம்பு விழட்டும். சம்பந்திக்கும் உள்ளயே ஒரு இலை போடுங்க.”

இலை போட்டார்கள். கடைசி இலை மருதங்கோவுடையது. பக்கத்தில் ஆம்பலி பிள்ளையோடு உட்கார்ந்தாள். குழம்பு முதல் இலையிலிருந்து வந்தது. வர வரத் துண்டு சிறுத்தது, பிறகு துண்டே இல்லை, பிறகு வெறும் குழம்பு. வெயிலில் தொடங்கியது அவர் இலைக்கு வந்தபோது ஒரு கரண்டி இருந்தது. ராஜா யாரையும் குறை சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தைப் பேரனுக்கு ஊட்டினார்.

நீதி ஒன்றுதான்: மேலே ஓருயிர் வயிறு நிறைய வேண்டுமானால் கீழே ஆயிரம் உயிர்கள் நிறைந்து வாழ வேண்டும்.